மாமாவுக்குத் தர வேண்டிய மீதி

என் பட்டிமன்றப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்த இடங்களில் பெரும்பாலானவை என்னுடையவை இல்லை. அவை என் தாய்மாமாவுடையவை. திருநெல்வேலி – பாபநாசம் தடத்தில் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர் அவர். அவர் சொன்னதையெல்லாம் எடுத்துக்கொண்டேன். எந்த மேடையிலும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் இருந்தவரை சொல்லவில்லை, போன பிறகும் பல மாதம் சொல்லவில்லை.

வீட்டுக்குள் பேசிக்கொள்கிற பேச்சுக்கு யார் உரிமை கொண்டாட முடியும் என்று எனக்கு நானே பல காலம் சமாதானம் சொல்லி வந்தேன். அது பொய்ச் சமாதானம். மாமாவின் நகைச்சுவை திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து விளைந்ததில்லை. நின்றபடியே, ஆடுகிற பஸ்ஸில், ஒரு கையில் டிக்கெட் கட்டோடு அவர் பழகிப் பழகிக் கூர் தீட்டிய வித்தை அது.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று வயலும் வாய்க்காலும் கூடவே வருகிற தடம். காலை வண்டியில் கல்லூரிப் பையன்கள், மில்லுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், கூடையும் சாக்குமாகச் சந்தைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் ஏறுவார்கள். பையன்கள் உள்ளே இடம் இருந்தாலும் படிக்கட்டில்தான் தொங்குவார்கள். மற்ற கண்டக்டர்கள் விசிலை ஊதி, வண்டியை நிறுத்தி, ஏசித் தீர்ப்பார்கள். மாமா படிக்கட்டுப் பக்கம் வந்து, “ஏல, ஒங்க வீட்டுல படி படின்னு சொன்னது இந்தப் படியை இல்லல” என்பார். வண்டியே சிரிக்கும். பையன்களும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். அடுத்த நாள் பழையபடி தொங்குவார்கள். மாமாவிடம் அடுத்த நாளுக்கு வேறொன்று தயாராக இருக்கும்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் குளிக்கப் போகும் கூட்டத்தை அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்குள் காற்றுக்கூட நுழையாது. அந்த நெரிசலில் ஒருவர் எரிச்சலாக, “வண்டி பாபநாசம் போவுமா போவாதாய்யா?” என்று கத்தியிருக்கிறார். “வண்டி போவும் அண்ணாச்சி. பாவம் போறது ஒங்க கையிலதான் இருக்கு” என்றாராம் மாமா. அதோடு விடவில்லை. “எல்லாரும் பாவத்தைக் கழிச்சிட்டுத்தான் திரும்புவிய. வண்டியில வெயிட்டு கொறையும். ஆனா டிக்கெட்டு வெல கொறையாது, இப்பமே சொல்லிட்டேன்.” கத்தியவர்தான் முதலில் சிரித்தாராம்.

1997-இல் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. எங்கள் ஊர் வண்டிகளில் இருந்த கட்டபொம்மன் பெயரும் அழிந்தது. அன்று மாமா வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “வரி கேட்டாலே குடுக்காத மனுசன். டிக்கெட்டு எடுக்காமலே எறங்கிட்டாரு.”

இன்னொரு வழக்கம். சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டர்கள் தர வேண்டிய மீதியை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதித் தருவார்கள் அல்லவா? சிலர் மறந்து இறங்கிவிடுவார்கள். மாமா அந்த முகங்களை நினைவில் வைத்திருப்பார். அடுத்த நாளோ அடுத்த வாரமோ அவர்கள் ஏறும்போது, கேட்காமலே கையில் சில்லறையை வைப்பார். “ஒம்ம துட்டு எம் பையில கெடந்து ராத்திரி பூரா கிலுகிலுன்னுது, தூக்கமே இல்ல” என்பார். இதையும் நான் மேடையில் சொல்லியிருக்கிறேன், ஒரு மளிகைக்கடைக்காரர் சொன்னதாக.

அவருக்குத் தெய்வம் கலைவாணர். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஒருமுறை என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய், ஒழுகினசேரியில் என்.எஸ்.கிருஷ்ணன் வீட்டுக்கு எதிரே நிறுத்தினார். கோயில் வாசலில் நிற்பதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணரும் கைதானது, தண்டனை பெற்றது, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, 1947-இல் இருவரும் விடுதலையானது என்று எல்லாவற்றையும் அந்தத் தெருவில் வைத்துச் சொன்னார். வெளியே வந்த பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கலைவாணர் திரும்ப வந்து நடித்தார், படம் இயக்கினார். “பாட்டுக்காரரால முடியல, சிரிப்புக்காரரால முடிஞ்சிது. ஏன் தெரியுமா மருமவளே? அவரு யாரையும் கொறைச்சுச் சிரிக்க வைக்கல. அதனால சனங்க அவரை மறக்கல” என்றார். 48 வயதில் அவர் போய்விட்டார் என்பதை மட்டும் மாமாவால் கடைசிவரை ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை.

யாரையும் குறைக்காமல் என்ற அந்த ஒன்றைத்தான் நான் காற்றில் விட்டேன்.

நான் தமிழ் படித்து, ஆசிரியை ஆகி, மேடை ஏறினேன். பட்டிமன்றம் புலவர்களும் பேராசிரியர்களும் வளர்த்த கலை. காரைக்குடியில் சா.கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தில் வாலியையும் கும்பகருணனையும் வைத்து வாதாடியது அந்த மேடை. குன்றக்குடி அடிகளார் அதைச் சமூகப் பேச்சுக்குக் கொண்டுவந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் பாப்பையாவை நடுவராகக் கொண்டு, தொலைக்காட்சி அதைப் பண்டிகை நாள் காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனது. அந்த வரிசையில் கடைக்கோடியில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் முனைவர்கள். அவர்கள் தங்கள் குருநாதர் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கும்போது, நான் ஒரு கண்டக்டரைச் சொல்ல வெட்கப்பட்டேன். என் படிப்புக்குப் பணம் கட்டியவர் அவர். பேட்டா காசை எண்ணி என் அம்மாவிடம் கொடுப்பார். அவரைச் சொல்லத்தான் வெட்கப்பட்டேன்.

முதலில் “ஒரு பேராசிரியர் சொன்னார்” என்று ஆரம்பித்தேன். கைதட்டல் வந்தது. கொஞ்ச நாளில் பேராசிரியரும் போய், “நான் சொன்னேன்” என்று ஆயிற்று. அதற்கடுத்த படியைத்தான் எழுதக் கை வரவில்லை.

மாமாவின் கோழிக் கதை பலருக்கும் என் கதையாகத் தெரியும். நடந்தது இதுதான். கல்லிடைக்குறிச்சியில் ஓர் ஆச்சி கூடையில் கோழியோடு ஏறினாள். கோழிக்கும் டிக்கெட் கேட்பார்களோ என்று பயந்து முந்தானையால் கூடையை மூடிக்கொண்டாள். கோழி சும்மா இருக்குமா, கொக்கரித்தது. மாமா குனிந்து கூடையைப் பார்த்து, “பயப்படாதிய ஆச்சி, கோழிக்கு டிக்கெட்டு வேண்டாம். ஆனா அம்பாசமுத்திரம் வாரதுக்குள்ள முட்டை போட்டுச்சின்னா, முட்டை கவர்மெண்டுக்கு” என்றார். ஆச்சி சிரித்த சிரிப்பில் முந்தானை நழுவி, கோழி தலையை வெளியே நீட்டி வண்டியை ஒரு சுற்றுப் பார்த்ததாம். அவ்வளவுதான் கதை.

மேடைக்கு இது போதவில்லை. ஒரு முட்டாள் இருந்தால் கூட்டம் இன்னும் சிரிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முட்டை வசனத்தை நான் எடுத்துக்கொண்டேன், பயணியாகப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னதாக. கண்டக்டரை மடையனாக்கினேன். நான் சொன்னதை நிஜமென்று நம்பி, காதிலிருந்து பேனாவை எடுத்து, இன்வாய்ஸில் “முட்டை ஒன்று” என்று எழுதத் தொடங்கிவிட்டதாகச் சொன்னேன். அவர் எழுதுகிற மாதிரி நடித்தும் காட்டினேன். கண்ணைச் சுருக்கி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு. மாமா கணக்கு எழுதும்போது அப்படித்தான் நாக்கைக் கடிப்பார்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பொங்கல் விழா மேடையில் அதைச் சொன்னபோது மாமா முன்வரிசையில் இருந்தார். ஓய்வுபெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. கோழி என்ற சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவரைப் பார்த்தேன். அங்கேயே மாற்றியிருக்கலாம், ஒரு வரி போதும். மாற்றவில்லை. கூட்டம் காத்திருந்தது, நான் நாக்கைக் கடித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார், மற்றவர்களைவிடச் சத்தமாக. முதல்முறை கேட்கிறவரைப் போலத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்து பந்தலுக்குப் பின்னால் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “நல்லாச் சொன்ன மருமவளே. ஒண்ணே ஒண்ணு. சனம் சிரிச்சிட்டிருக்கும்போது அடுத்ததைப் போட்டுட்ட. அது வீணாப் போச்சி. வண்டி வளைவுல திரும்பும்போது டிக்கெட்டு கேட்டா எவன் துட்டு எடுப்பான்? எல்லாரும் கம்பியைப் பிடிச்சிட்டு நிப்பான். வண்டி நேரா வந்த பெறவு கேளு” என்றார். அவர் கதையை அவர் முன்னாலேயே சிதைத்தவளுக்கு, அதை இன்னும் நன்றாகச் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு பத்திரிகைப் பேட்டியில், நகைச்சுவையில் உங்கள் குரு யார் என்று கேட்டார்கள். கலைவாணர் என்றேன். மாமா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தார். “நல்ல ஆளைத்தான் சொல்லியிருக்க” என்றார். அந்தச் சொல்லில் குத்தல் இருந்ததா என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டார். குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கொண்டுபோனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். “வாரத்துக்கு மூணு டிரிப்பு. ஆளு ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. கலெக்‌ஷன் சுத்தமா இல்ல” என்றார். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர், டம்ளரில் பாதியை ஒரு நேரத்துக்கு வைத்துக்கொண்டு நாக்கை நனைத்தார். ஊசி போடுவதற்காக இடது கையில் இரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். தோலுக்கு அடியில் இடைவிடாமல் ஒரு அதிர்வு. “பாத்தியா? வண்டி நின்னாலும் இஞ்சின் ஓடுது” என்றார்.

சிரித்தேன். வலிக்கிறதா மாமா என்று கேட்கவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, மறந்துவிடக் கூடாதே என்று அந்த இரண்டு வரிகளையும் கைபேசியில் குறித்துக்கொண்டேன். கலெக்‌ஷன் வரியை ஒரு மேடையில் சொன்னேன். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு டிப்போ ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராக மாமாவைப் பேசினார்கள். அவரோடு பல வருடம் ஓடிய டிரைவர் ஒருவர் கோழிக் கதையைச் சொன்னார், நடந்தபடியே. எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தோம். மாமாவின் மகள் வயிற்றுப் பேரன் என் பக்கத்தில் இருந்தான். “இது அத்தை ஜோக்குலா? தாத்தா அத்தை ஜோக்கையா சொல்லிட்டிருந்தாவ?” என்றான். டிரைவர் என்னைப் பார்த்தார். அங்கே இருந்த எல்லாரும் பார்த்தார்கள். “ஆமா, டீச்சர் மேடையில சொல்லுவாங்கள்லா” என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர் வீட்டில், அவர் படத்துக்கு முன்னால், அவர் கதையை மறுபடி ஒருமுறை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்துத்தான் மாமாவின் மனைவியான என் அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “தெரியும்ட்டி. அவியளுக்கும் தெரியும். எம் மருமவ மேடையில பேசுதா, பூராவும் என் சரக்குன்னு டிப்போ முழுக்கச் சொல்லிட்டுத்தான் திரிஞ்சாவ.” கொஞ்ச நேரம் கழித்து, “அம்பாசமுத்திரத்துல கண்டக்டரைப் பேசுனியே, அன்னைக்குத்தான் ராத்திரி சோறு வேண்டாம்னுட்டாவ” என்றாள். எனக்கு வளைவையும் நேர்ச்சாலையையும் சொல்லிக்கொடுத்த அதே இரவு.

இப்போது அவர் சொன்னவற்றை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அத்தை திருத்துகிறாள். அது வீரவநல்லூரில் நடக்கவில்லை, மில் வாசலில் நடந்தது என்பாள். நான் ஒட்டவைத்த அலங்காரத்தையெல்லாம், “அவிய இவ்வளவு பேச மாட்டாவ” என்று அடிக்கச் சொல்லுவாள். பேரனிடமும் சொல்லிவிட்டேன். அவன் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

சென்ற தை மாதம் ஒரு மேடையில், “எங்க மாமா ஒரு கண்டக்டர்” என்று தொடங்கினேன். அந்த வார்த்தைக்கே கூட்டம் சிரித்தது. கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கண்டக்டர் என்றால் சிரிக்க வேண்டும் என்று அவர்களைப் பழக்கியவள் நான்தான். பேசாமல் நின்றேன். சிரிப்பு முழுக்க அடங்கட்டும் என்று நின்றேன். நடுவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பிறகு கல்லிடைக்குறிச்சி ஆச்சியிலிருந்து தொடங்கி, முட்டை வசனத்தை மாமா வாயிலேயே வைத்துச் சொன்னேன். முட்டாள் இல்லாத கதை என்பதால் சிரிப்பு முன்னளவு வரவில்லை. மூன்றாவது வரிசையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். டியூட்டி முடிந்து நேராக வந்தவர் போலிருந்தது. அவர் மட்டும் கைதட்டிக்கொண்டே இருந்தார்.