மரையும் மறையும்

தமிழ் பயில்வார்க்கு ரகரமும் றகரமும் தரும் இடர் சிறிதன்று. அரம் என்று எழுதினால் அது பட்டறையிற் கிடக்கும் இரும்புக் கருவி. அறம் என்று எழுதினால் அது வள்ளுவனார் நூலின் முதற்பால். இவ்வேறுபாட்டை ஆசிரியர் விளக்குங்கால், அஃது தேர்வில் ஒரு மதிப்பெண்ணைக் காப்பதற்கென்றே யாம் எண்ணியிருந்தோம். சென்ற கோடை விடுமுறையிற் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு பழைய மோட்டார் வண்டியின் முன் தலைகுனிந்து நின்றபோதுதான், ஏறக்குறைய ஒத்திருப்பது வேறு, பொருந்தியிருப்பது வேறு என்பது எமக்கு விளங்கிற்று. அதனை நேயர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாம்பரத்தினின்று செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் மறைமலை நகரைக் கடந்தால் அடுத்த நிலையம் சிங்கப்பெருமாள் கோவில். வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக் கொண்ட அடிகளார், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தவர் என்பதைத் தமிழ் மாணாக்கர் அறிவர். அவர் பெயர் தாங்கிய நகரைத் தாண்டியதும், குன்றைக் குடைந்து அமைத்த நரசிங்கப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர் வரும். இங்கிருந்து பிரியும் சாலை ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூரை அடையும். அப்பக்கத்தில் 1998 முதல் ஹூண்டாய் கார்களும், 2010 முதல் ரெனோ, நிசான் கார்களும், 2012 முதல் டைம்லர் நிறுவனத்தின் லாரிகளும், 2013 முதல் ஒரகடத்தில் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் செய்யப்படலாயின. புதுவண்டிகளை அடுக்கிய நெடும் லாரிகள் இரவும் பகலும் அவ்வழியே செல்லும்.

அச்சாலையோரத்தில் எம் தாய்மாமன் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கின்றார். தகரக் கொட்டகை ஒன்றும், வேப்பமரம் ஒன்றும், பணியாள் இருவருமே அவர் செல்வம். அவரிடம் சித்திரைத் திங்களில் ஒரு முதியவர் தம் தந்தையாரின் வண்டியைக் கொணர்ந்து விட்டார். அது 1960களிற் செய்யப்பட்ட செவர்லே இம்பாலா. படகுபோல் நீண்டது, பல்லாண்டுகள் கொட்டிலிற் கிடந்தது. "என் பேத்தியின் திருமணத்திற்குள் இஃது ஓடவேண்டும். நானும் என் மனைவியும் மணக்கோலத்தில் ஏறிய வண்டி இது" என்று அவர் கூறினார். மாமா நாள் குறித்துச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். அன்று குறித்துச் சொல்லிவிட்டார்.

அவ்வண்டியிற் கிளட்ச் மிதி இல்லை. கியர் தானே மாறும். இவ்வகைப் பெட்டியை அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனத்தார் 1940 ஆம் ஆண்டு வண்டிகளிற் பெருவாரியாக வழங்கத் தொடங்கினர். செவர்லே வண்டிகளில் 1950 இல் பவர்கிளைடு என்னும் பெட்டி வந்தது. அதனுள் இரண்டு விசிறிகள் எதிரெதிராக எண்ணெயில் மூழ்கியிருக்கும். இயந்திரம் ஒன்றைச் சுழற்ற, அது வீசும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றும். கியரை மாற்றும் விசையும் அவ்வெண்ணெயின் அழுத்தமே. உராய்வோரைக் காப்பதும் அதுவே. வெப்பத்தைச் சுமந்து சென்று ரேடியேட்டருள் ஆறி வருவதும் அதுவே. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். கிளட்சுத் தகடுகள் வழுக்கிக் கருகும். எனவே அப்பெட்டிக்கு எண்ணெய் குருதி போன்றது. நிறமும் சிவப்பே.

மாமா பெட்டியைப் பிரித்துச் சீலும் வடிகட்டியும் மாற்றி முடித்தார். புதிய எண்ணெய் ஊற்ற வேண்டுவதே எஞ்சியது. அப்போது ரேடியேட்டரினின்று பெட்டிக்கு எண்ணெய் செல்லும் வழியில், பித்தளை நிப்பிள் ஒன்று கழற்றுங்கால் முறிந்துபோயிற்று. ஒருபுறம் மரையும், மறுபுறம் ரப்பர்க் குழாயைச் செருகும் வரிகளும் உடைய விரலளவுக் குழல் அது. "மாப்பிள்ளை, இதைப்போல் ஒன்று வாங்கி வந்து மாட்டிவை. நான் செங்கற்பட்டு வரை போய் வருகிறேன்" என்று சொல்லி, முறிந்த துண்டை எம் கையிற் கொடுத்துச் சென்றார்.

மரை என்னும் சொல்லை யாம் நன்கறிவோம் என்ற செருக்கு எமக்கு இருந்தது. சங்கப் பாட்டுக்களில் மரை ஒரு காட்டு விலங்கு. இலக்கணத்திலோ தாமரை முதற்குறைந்தால் மரை. திருகின் வரிக்கும் அதுவே பெயர் என்பதை, அறிவு பிறழ்ந்தவனை மரை கழன்றவன் என்று ஊரார் ஏசுவதிலிருந்து உணர்ந்திருந்தோம். இவ்வளவு அறிந்த எமக்கு ஒரு நிப்பிள் வாங்குதல் அரிதோ! அண்மையிலிருந்த குழாய்க் கடையில் துண்டைக் காட்டினோம். கடைக்காரர் நோக்கி, "கால் அங்குலம்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். பட்டறைக்கு மீண்டு ரேடியேட்டரில் வைத்துக் கையால் திருகினோம். மூன்று சுற்று எளிதாக ஏறிற்று. பின்னர் நின்றது. டெப்லான் நாடாவை மிகுதியாகச் சுற்றி, ஸ்பானரை வைத்து அழுத்தினோம். பித்தளை ஒருமுறை கிறீச்சிட்டு, மேலும் ஒரு சுற்று ஏறிப் பிடித்துக்கொண்டது.

மாமா வந்து, "சரியாகப் பொருந்தியதா?" என்று வினவினார். "பொருந்தியது, மாமா" என்றோம். கிறீச்சிட்டதை மறைத்தோம்.

எண்ணெய் ஊற்றப்பட்டது. இயந்திரம் கால்மணி நேரம் நின்றவாறே ஓடிற்று. ஒரு துளியும் கசியவில்லை. மாமா மகிழ்ந்து, எம்மைப் பக்கத்தில் அமர்த்தி ஒரகடம் சாலையில் வண்டியைச் செலுத்தினார். பள்ளத்தையும் மேட்டையும் அது தொட்டில்போல் அசைந்து கடந்தது. சில கல் தொலைவு சென்று திரும்பினோம். திரும்பியதும், யாம் வந்த வழியெங்கும் தார்ச்சாலையில் மெல்லிய சிவப்புக் கோடொன்று நீண்டு கிடக்கக் கண்டோம். காயம்பட்ட விலங்கின் தடம்போல் அது தோன்றிற்று. மறுகணம் இயந்திரம் இரைந்ததேயன்றி வண்டி முன்செல்லவில்லை. மாமா உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். இன்னும் சிறிது ஓட்டியிருந்தால் தகடுகள் கருகியிருக்கும். சிதறிய எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாயிற் பட்டுத் தீயும் பற்றியிருக்கக்கூடும்.

முன்மூடியைத் தூக்கிப் பார்த்த மாமா எம்மை நோக்கினார்.

"கையால் எத்தனை சுற்று ஏறியது?"

"மூன்று, மாமா."

"பிறகு?"

"ஸ்பானர் வைத்தேன்."

"அப்போதே என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

எம்மிடம் விடையில்லை. அவர் வையவுமில்லை, அடிக்கவுமில்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

மாலையில் அவர் எம்மை அழைத்து, விசிறிபோல் விரியும் சிறு தகடுகள் கொண்ட பிட்ச் கேஜ் என்னும் கருவியை எடுத்தார். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் அரத்தைப்போல் பற்கள் இருந்தன. முறிந்த நிப்பிளின் மரையில் 18 என்று பொறித்த தகடு இடைவெளியின்றி அமர்ந்தது. யாம் வாங்கியதில் அது அமரவில்லை. 19 என்ற தகடே அமர்ந்தது. "இது அமெரிக்க மரை, என்.பி.டி. அங்குலத்திற்குப் பதினெட்டு. நம் ஊர்க் குழாய்க் கடையில் உள்ளது ஆங்கில மரை, பி.எஸ்.பி. பத்தொன்பது. இரண்டுக்கும் கால் அங்குலம் என்றே பெயர். முற்றும் பொருந்தாத பொருள் உன்னை ஏமாற்றாது, கையிலேயே சொல்லிவிடும். ஏறக்குறையப் பொருந்துவதே ஏமாற்றும்" என்றார்.

பின்னர் யாம் படித்தறிந்தவை அவர் சொல்லுக்கு உரைபோல் அமைந்தன. இங்கிலாந்தில் விட்வொர்த் என்பார் 1841 இல் மரைக்கு 55 பாகைக் கோணம் வகுத்தார். அமெரிக்காவில் செல்லர்ஸ் என்பார் 1864 இல் 60 பாகை என்றார். இரு நாட்டாரும் தத்தம் வழியே சென்றதால், இரண்டாம் உலகப் போரில் ஒருவர் திருகாணி மற்றவர் பீரங்கிக்கு உதவாது இடர்ப்பட்டனர். எனவே 1948 ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் திருகாணிகளுக்குப் பொதுமரை ஒன்றை ஒப்புக்கொண்டன. குழாய் மரைகளோ இன்றுவரை இருவேறாகவே உள்ளன. கால் அங்குலத்தில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தொலைவில் இரண்டிற்கும் வேற்றுமை ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கும் இல்லை. ஆயினும் அது சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும். நான்காம் சுற்றில் பித்தளை முறுகும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டிற்கும் அங்குலத்திற்கு 14 பற்களே ஆதலால், அங்கே ஏமாற்றம் இன்னும் எளிது. கோணம் மட்டும் வேறாகி, எண்ணெய் ஒழுக வழிவிடும்.

திருமணத்திற்கு ஆறு நாட்களே இருந்தன. மறுநாள் விடியலில் யாமே சென்னைக்குச் சென்றோம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிப்பாகக் கடைகளில் ஏறியிறங்கினோம். புதுப்பேட்டையிற் பழைய வண்டிகளின் எலும்புக் குவியல்களிடையே தேடினோம். தருகின்றோம் என்றோர் பலர். யாம் கையிற் கொண்டுசென்ற தகட்டை வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் 19 ஆகவோ மெட்ரிக் மரையாகவோ இருந்தது. வெறுங்கையராய்த் திரும்பும் வழியில், ஒரகடம் சாலையோரத்தில் மண்வாரி எந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் கட்டித்தரும் சிறுகடை ஒன்று கண்ணிற் பட்டது. பல நாட்டு எந்திரங்கள் அச்சாலையில் உழைப்பதால், பல நாட்டு மரைகளும் அக்கடைப் பெட்டிகளிற் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. "என்.பி.டி.யா, பி.எஸ்.பி.யா?" என்று கடைக்காரர் கேட்டதும் எம் நெஞ்சம் குளிர்ந்தது. யாம் இரண்டு நாள் அலைந்து தேடிய பொருள் மாமாவின் பட்டறையிலிருந்து நடந்து செல்லுந் தொலைவிற் கிடைத்தது. அதன் விலையோ, யாம் சென்னைக்குச் சென்றுவந்த செலவினும் குறைவு.

ரேடியேட்டரின் உள்மரையை யாம் நசுக்கியிருந்தோம். மாமா அதே அளவுடைய டேப் என்னும் மரைவெட்டும் கருவியை இரவல் பெற்றுப் பொறுமையாக அதனைச் சீர்செய்தார். இம்முறை நிப்பிளை ஏற்றும் பணியை மீண்டும் எம்மிடமே விட்டார். கையால் நான்கு சுற்றும் தடையின்றி ஏறி, பின்னர் ஸ்பானருக்குச் சிறிதே இணங்கிற்று. கிறீச்சொலி இல்லை. எண்ணெயிலும் அவர் கருத்தாயிருந்தார். அவ்வண்டி பிறந்த நாளில் டைப் ஏ என்னும் எண்ணெய் வழங்கிற்று. 1967 ஆம் ஆண்டளவில் அதனிடத்தில் டெக்ஸ்ரான் வந்தது. போர்டு வண்டிகளுக்கென வகுத்த டைப் எப் என்பதோ சிவப்பேயாயினும் உராய்வியல்பால் வேறு. நிறங்கண்டு வாங்காமல், தகரத்திற் பொறித்த தரத்தை எம்மைப் படிக்கச் செய்து, டெக்ஸ்ரான் 3 இற்கு ஒத்ததையே ஊற்றினார். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கவே அளவுகோலை உருவிப் பார்த்துச் சிறிது சிறிதாக நிரப்பினோம். மூன்று நாள் வண்டிக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்தோம். தாள் வெள்ளையாகவே இருந்தது.

திருமணத்தன்று முதியவரும் அவர் மனைவியாரும் பின்னிருக்கையில் அமர, மணமக்களுக்கு முன்னாக அவ்வண்டி சென்றது. மாமா அழைப்பின்படி யாமும் போயிருந்தோம். முதியவர் எம் கையைப் பற்றி, "நிப்பிளைத் தேடிக் கொணர்ந்தது நீதானாமே" என்று வாழ்த்தினார். முன்னொன்றை மாட்டியதும் யாமே என்று கூற வாயெடுத்தோம். மாமா ஒன்றும் கூறாது எம்மையே நோக்கி நின்றார். யாம் கூறிவிட்டோம். முதியவர் சிறிது வியந்து, பின் உரக்க நகைத்தார். அதன் பின்னரே யாம் பந்தியில் அமர்ந்து நிறைவாக உண்டோம்.

அந்தப் பத்தொன்பது வரி நிப்பிள் இப்பொழுது எம் விடுதி அறையில் ஏடுகள் பறவாமல் தாங்கிக் கிடக்கின்றது. அதன் முதல் மூன்று வரிகள் பழுதற்றவை, நான்காவதே நசுங்கியது. மரை பிழைப்பது எவர்க்கும் நேரக்கூடியது. அதனை மறைத்தால், தொலைவு சென்றபின் சாலையே காட்டிக்கொடுக்கும்.