காலால் துடுப்பு, மூன்று குகைகள்

வியட்நாமின் ஹனோயிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் நின் பின் இருக்கிறது. அங்குள்ள தாம் கோக்கை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். தாம் கோக் என்றாலே 'மூன்று குகைகள்'தான்.

பேருந்தில் கதை சொல்லி வரும் வழிகாட்டி, படகுத்துறையோடு விடைபெறுகிறார். அதன்பின் நம்மோடு இருப்பவர் படகோட்டி மட்டுமே. பலர் உள்ளூர்ப் பெண்கள். பின்னால் சாய்ந்து, இரு காலாலும் துடுப்பு வலிக்கிறார்கள்.

நெல்வயல்களுக்கு நடுவே செல்லும் ஙோ டோங் ஆறு, சுண்ணாம்புக்கல் மலைகளைத் துளைத்துக்கொண்டு போகிறது. முதல் குகையான ஹாங் கா 127 மீட்டர் நீளம். உள்ளே நுழைந்ததும் வெயில் அணைகிறது. பாறை தலைக்கு மேல் தாழ்ந்து வருகிறது. வானொலியில் பேசியே பிழைக்கும் நானும் வாயை மூடிக்கொண்டேன். காதில் விழுந்தது துடுப்புச் சத்தம் மட்டும்தான்.

சுற்றுலாவுக்குப் பதியும்போது விலையோடு, படகில் எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள். பழைய தலைநகர் ஹோவா லூ, மலையேற்றம், சைக்கிள் என எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் படகு நேரம்தான் குறையும். பிள்ளைகளுக்குத் தொப்பி அவசியம். படகில் நிழல் கிடையாது.

கையில் கொஞ்சம் டோங் நோட்டும் வைத்திருங்கள். போகவர நம்மைச் சுமந்த அந்தக் கால்களுக்கு, இறங்கும்போது மனமறிந்து கொடுக்கலாம்.