13 மொழியில் நுழைவு, ஒரு மொழியில் வகுப்பு

தாய்மொழியில் படித்துவிட்டு வரும் முதலாண்டு மாணவர் வாய் திறக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய மற்ற ஆண்டுகள் அமைகின்றன

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022இல் பொது நுழைவுத் தேர்வு வந்தபோது, தமிழ், அசாமி, ஒடியா, உருது உள்பட 13 மொழிகளில் அதை எழுதலாம் என்று அறிவித்தார்கள். நியாயமான ஏற்பாடு. பிகார் கிராமத்து அரசுப் பள்ளியில் இந்தியில் படித்த பெண்ணும், ஒடிசாவில் ஒடியா வழியில் படித்த பையனும் தங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்த மொழியிலேயே எழுதி இடம் பிடிக்க முடிகிறது. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் ஆங்கிலம் தவிர்த்த மற்ற 12 மொழிகளும் வகுப்பறை வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைக்கப்படுகின்றன. பாடம் ஆங்கிலத்தில். படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் ஆங்கிலத்தில். அறிவிப்புப் பலகையும் ஆங்கிலத்தில்.

முதல் வாரம் எப்படியோ ஓடிவிடும். அறிமுகம், அடையாள அட்டை, கால அட்டவணை என்று பொழுது போய்விடும். இரண்டாவது வாரத்தில்தான் பாடம் சூடுபிடிக்கிறது. பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "எனி டவுட்ஸ்?" என்கிறார். வகுப்பு மௌனம் சாதிக்கிறது. புரிந்தவர்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை. புரியாதவர்களுக்குக் கேட்க வார்த்தை இல்லை. இரண்டு மௌனங்களும் மேடையிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கின்றன. அவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்.

பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவர் இங்கே மெல்லப் பின்வரிசைக்கு நகர்கிறார். தீபாவளிக்குள் வகுப்புக்குப் போவதே குறைகிறது. பல பல்கலைக்கழகங்கள் வற்புறுத்தும் 75 சதவீத வருகைப் பதிவில் துண்டு விழுகிறது. முதல் பருவத் தேர்வில் இரண்டு தாள் அரியர். இதை வீட்டில் சொன்னால் யாருக்கும் விளங்காது. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான்.

இது இன்று முளைத்த வியாதி அல்ல. 1887இல் மெட்ரிகுலேஷன் தேறிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, அடுத்த ஆண்டு பாவ்நகரின் சாமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். பேராசிரியர்கள் கெட்டிக்காரர்கள், குறை அவர்களிடம் இல்லை என்று அவரே பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். ஆனால் விரிவுரைகளைப் பின்தொடர முடியவில்லை. எல்லாமே கடினமாக இருந்தது. முதல் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார். கணிதத்தையும் வேதியியலையும் ஆங்கிலத்தின் வழியாகக் கற்க நான்கு ஆண்டுகள் பிடித்தன, குஜராத்தியில் என்றால் ஓராண்டு போதுமானதாக இருந்திருக்கும் என்று 1938இல் 'ஹரிஜன்' இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சீனிவாச ராமானுஜன் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர வேறெதிலும் மனம் செலுத்தாமல் ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை பறிபோனது. அடுத்த ஆண்டு வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அவருடைய கணிதத்தைப் பற்றி அந்த விடைத்தாள் எதுவும் சொல்லவில்லை.

இன்று ஓடிப்போவதற்கு மரியாதையான வழி ஒன்று திறந்திருக்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கைப்படி ஓராண்டோடு வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் ஆனர்ஸ். நோய், குடும்பச் சுமை என்று இடையில் நிற்க நேர்ந்தவர்களுக்கு இது உதவிதான். ஆனால் பாடம் புரியாததால் நின்றவரும் அதே சான்றிதழோடு அதே கதவு வழியாகத்தான் போவார். ஏன் போனார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே முதலாண்டு மாணவருக்குச் சொல்ல வேண்டிய முதல் யோசனை, முதல் பதினைந்து நாளுக்குள் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்பது. பெரிய கேள்வி தேவையில்லை. "நேற்று மூன்று முறை சொன்னீர்களே, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்பதே போதும். எழுபது பேர் நடுவில் கேட்கக் கூச்சமென்றால் வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் கேட்கலாம். ஆங்கிலத்தில் கோவையாகக் கேட்க வராவிட்டால் கலந்துகட்டிக் கேட்கலாம். மேடையில் ஆங்கிலம் தவிர வேறு பேசாத ஆசிரியர்களில் பலர் தாழ்வாரத்தில் தாராளமாக இந்தியோ வங்காளியோ பேசுபவர்கள். பதினைந்து நாள் என்பதற்குக் காரணம் உண்டு. செப்டம்பரில் கேட்டால் புது மாணவரின் சந்தேகம். அதே கேள்வியை பிப்ரவரியில் கேட்க யாருக்கும் துணிவு வராது.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். தாளுக்கு வாரம் பத்துச் சொற்கள். பக்கத்தில் அகராதிப் பொருளை எழுதாமல், அந்தப் பாடத்தில் அச்சொல் என்ன வேலை செய்கிறது என்று தன் மொழியில் இரண்டு வரி எழுத வேண்டும். கையிலுள்ள செல்போன் எந்த வாக்கியத்தையும் நொடியில் மொழிபெயர்த்துத் தருகிறதே என்று தோன்றலாம். தரும்தான். ஆனால் அரசியல் விஞ்ஞானத்தில் 'ஸ்டேட்' என்பது எங்கே அரசு, எங்கே மாநிலம் என்று பார்க்கத் தெரிய வேண்டும். இந்தி மாணவருக்கு இரண்டுக்கும் 'ராஜ்ய' என்ற ஒரே சொல் என்பதால் சிக்கல் இன்னும் கூடுதல். பொருளாதாரத்தில் 'இன்ட்ரஸ்ட்' வட்டி, உளவியலில் ஆர்வம். இயற்பியலில் 'ஒர்க்' என்பதற்கு விசை இருக்க வேண்டும், நகர்வும் இருக்க வேண்டும். அலுவலக வேலை அங்கே கணக்கில் சேராது. கருவி கொடுக்கும் சொல் சரிதானா என்று தெரிந்துகொள்ளவே பாடம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பருவங்கள் இந்த நோட்டை விடாமல் எழுதியவருக்கு மூன்றாவது பருவத்தில் அதைத் திறக்கும் தேவை வெகுவாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது, அதே பாடத்தை முதலில் தன் மொழியில் படித்துவிட்டு ஆங்கில நூலுக்குப் போவது. இது குறுக்கு வழியல்ல. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்களில் பல இந்தியிலும் உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இந்தி வழிப் படிப்புக்கென்று ஓர் இயக்குநரகமே இருக்கிறது, பாடநூல்களும் வெளியிட்டிருக்கிறது. மற்ற மொழிக்காரர்கள் தங்கள் மாநில மேல்நிலைப் பாடநூலையே மறுபடி புரட்டலாம். முதல் பருவப் பாடங்களின் அடித்தளம் பெரும்பாலும் அங்கே இருக்கும். எச்சரிக்கை தேவைப்படுவது கல்லூரிச் சுற்றுவட்டாரத்தில் விற்கும் 'குஞ்ஜி'களிடம்தான். நம்மூர் நோட்ஸின் வடநாட்டு ஒன்றுவிட்ட சகோதரன். அது விடையைக் கொடுத்துக் கேள்வியை மறைத்துவிடும்.

புத்தகம் வாங்கப் பணமில்லாதவர் ஜெராக்ஸ் எடுக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்திலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது 2012இல் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது கல்வி உபயோகம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் கடைக்காரர் பக்கம் நின்றது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

நான்காவது, தேர்வை எந்த மொழியில் எழுதலாம் என்ற விதியை முதல் மாதத்திலேயே விசாரித்துவிடுவது. பலர் இதைக் கேட்பதே இல்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் மொழிப்பாடங்கள் நீங்கலாகப் பல தாள்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். ஒரு தாள் முழுவதும் ஒரே மொழியாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஆங்கில வழிப் படிப்பிலும் மாணவர்களை உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. எந்தப் பல்கலைக்கழகம் கேட்டது, எது கோப்பில் வைத்தது என்பதை அந்தந்த அலுவலக ஜன்னலில்தான் விசாரிக்க வேண்டும்.

இதற்காக ஆங்கிலமே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. மத்தியப் பிரதேசம் 2022 அக்டோபரில் மருத்துவப் படிப்புக்கான இந்திப் பாடநூல்களை வெளியிட்டபோது, கலைச்சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலமாகவே, தேவநாகரி எழுத்தில் நின்றன. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த நூல்கள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டன: விளக்கம் தாய்மொழியில் இருக்கலாம், துறைச் சொல்லை எப்படியும் ஆங்கிலத்தில் அறிந்தே தீர வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியபோதும் இதே கேள்விதான் எழுந்தது. மாணவர் இரண்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும்: யோசிக்கத் தன் மொழி, துறைக்குள் நடமாட ஆங்கிலம். முப்பது நாளில் சரளமாகப் பேசக் கற்றுத் தருவதாகச் சொல்லும் நிலையங்கள் இரண்டில் எதையும் தருவதில்லை. சரளமாக நலம் விசாரிக்கத் தெரிந்தவருக்கு ரிக்கார்டோவின் வாடகைக் கோட்பாடு புரிந்துவிடாது. பாடநூலின் ஒரு பக்கத்தைத் தினமும் உரக்கப் படிப்பது செலவில்லாதது; பலனும் அதிகம்.

ஐந்தாவது, விடுதிச் சாப்பாட்டு மேஜை. எந்தப் பெரிய பல்கலைக்கழக விடுதியிலும் ஒரு பிகார் மேஜை, ஒரு மலையாள மேஜை, ஒரு மணிப்பூர் மேஜை இருக்கும். முதல் மாதம் அங்கே உட்காராமல் தீராது, ஊர்ப்பேச்சு மருந்து. ஆண்டு முழுக்க அங்கேயே உட்கார்ந்தால் மருந்தே உணவாகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் போகும் மாணவருக்குச் சங்கடம் இரட்டிப்பு: வகுப்பில் ஆங்கிலம், தாழ்வாரத்தில் இந்தி. வாரம் இரண்டு வேளையாவது வேறு மேஜையில் சாப்பிடுகிறவர் பொங்கலுக்குள் இரண்டிலும் தத்தித் தத்தியாவது நடந்துவிடுவார்.

இவ்வளவு செய்தும் கேலி வரும். உச்சரிப்பைப் பழித்துக் காட்டுவது, "இந்தி மீடியமா?" என்று சிரிப்பது, பெயருக்குப் பதில் மாநிலத்தின் பெயரைச் சொல்லி அழைப்பது. விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகள் 2016இல் திருத்தப்பட்டபோது, மொழி அடையாளம், பிறந்த ஊர், மாநிலம், சாதி, நிறம், பொருளாதார நிலை ஆகியவற்றைச் சாக்காக வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங் என்றே வரையறுக்கப்பட்டன. புகார் சொல்ல நாடு முழுவதற்கும் 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் படிக்காமல் கையெழுத்திட்ட ராகிங் உறுதிமொழிப் பத்திரம் இந்த விதிகளின்கீழ் வந்ததுதான். ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம்.

உண்மையிலேயே படிப்பு பொருந்தவில்லை என்றால் விலகுவதிலும் அவமானமில்லை. ஆனால் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு முன்பே விலகியவருக்கும் பின்னர் விலகியவருக்கும் கிடைக்கும் தொகையில் பெரிய வித்தியாசம் உண்டு. தீபாவளிவரை மனதுக்குள்ளேயே புழுங்கிவிட்டு முடிவெடுப்பவர் பணத்தையும் இழக்கிறார்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. "எனி டவுட்ஸ்?" என்பதைக் கைவிட்டு, இன்று புரியாத ஒரு சொல்லைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாலே வகுப்பின் இரண்டு மௌனங்களும் பிரிந்து தெரியும். பெயர் வேண்டாம், எந்த மொழியானாலும் சரி என்று சொல்லிவிட்டால் தாள்கள் நிரம்பிவிடும். செலவு ஐந்து நிமிடம்.

பாவ்நகரிலிருந்து திரும்பிய காந்திக்கு வீட்டுக்கு வந்து யோசனை சொல்ல மாவ்ஜி தவே என்ற குடும்ப நண்பர் இருந்தார். இங்கிலாந்துக்கு அனுப்புங்கள் என்று வழிகாட்டியவர் அவர்தான். அதே ஆண்டு செப்டம்பரில் கப்பலேறினார் காந்தி. இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதல் தலைமுறை மாணவரின் வீட்டுக்கு மாவ்ஜி தவே வரமாட்டார். அவரைக் கல்லூரிக்குள்தான் தேடிக்கொள்ள வேண்டும்: இரண்டாம் ஆண்டில் படிக்கும் தன் மாவட்டத்து மாணவியாகவோ, நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவராகவோ, தாழ்வாரத்தில் இந்தி பேசும் பேராசிரியராகவோ அவர் இருக்கக்கூடும். தேடுகிறவருக்கு அதிகமான அவகாசம் இல்லை. முதல் பருவத் தேர்வு டிசம்பரில் வந்துவிடும்.