கூப்பிட்டவர் யார்?

இயேசுவின் நாமங்களைப் பற்றி வேதபாடம் எடுக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலை எதிர்பார்க்கிறார்கள். இம்மானுவேல் என்றால் தேவன் நம்மோடு இருக்கிறார், கிறிஸ்து என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர். இதெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். நான் குறிப்பேட்டில் பொருளைக் கடைசியாகத்தான் எழுதுவேன். அந்த நாமத்தைச் சொன்னவர் யார், எங்கே நின்று, என்ன தவிப்பில் சொன்னார் என்பதுதான் முதலில்.

இயேசு என்ற பெயரையே எடுங்கள். யோசுவாவின் பெயரும் அதுதான். கர்த்தர் இரட்சிக்கிறார் என்று பொருள். அக்கால யூதரிடையே சர்வசாதாரணமான பெயர். வரலாற்றாசிரியர் யோசேப்பஸின் நூல்களில் அந்தப் பெயருள்ளவர்கள் பலர் வருகிறார்கள். எந்த இயேசு என்று தெரிய ஊர்ப்பெயரைச் சேர்த்து நசரேயன் என்றார்கள்.

கூப்பிட்டவர் யார் என்று பார்க்க நான் திரும்பத் திரும்ப எடுக்கும் பகுதி மாற்கு 10:46–52. எரிகோவை விட்டுப் புறப்படும் வழியில் பர்திமேயு என்ற குருடன் பிச்சைக்கு உட்கார்ந்திருக்கிறான். போகிறவர் நசரேயன் என்று காதில் விழுகிறது. அவன் வாயிலிருந்து வருவதோ தாவீதின் குமாரன்! நாத்தான் தீர்க்கதரிசி மூலம் தாவீதுக்குக் கிடைத்த வாக்கு, என்றும் நிலைக்கும் சிங்காசனம், அத்தனையும் அந்த ஒரு அழைப்பில் இருக்கிறது. கண்ணுள்ள கூட்டம் ஊரைச் சொல்ல, கண்ணில்லாதவன் ராஜாவை அடையாளம் காண்கிறான். அதட்டுகிறார்கள், இன்னும் உரக்கக் கூப்பிடுகிறான். அதனால் இந்த இடத்தை மெல்லிய குரலில் வாசிக்க நான் விடுவதில்லை. வாசிப்பவர் தொண்டையைத் திறந்தே ஆகவேண்டும்.

இரண்டு அதிகாரங்களுக்கு முன் பிலிப்புச் செசரியா பக்கத்தில் பேதுரு அவரைக் கிறிஸ்து என்றபோது, ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கட்டளையிட்டவர் இயேசு. இங்கே நடுச்சாலையில் ஒரு பிச்சைக்காரன் ராஜப்பட்டத்தைச் சொல்லிக் கூவுகிறான். அவர் அவன் வாயை அடக்கவில்லை, நிற்கிறார். அடுத்த அதிகாரத்தில் எருசலேமுக்குள் நுழையப் போகிறார். இனி மறைக்க நேரமில்லை என்றே எனக்குப் படுகிறது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வந்தவன், நேருக்கு நேர் நின்றதும் அழைப்பை மாற்றிக்கொள்கிறான். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது ரபூனி, 'என் போதகரே'. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் இன்னும் ஒரே இடத்தில்தான் உண்டு: கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாளின் வாயில். தூரத்தில் ராஜாவாகத் தெரிந்தவர், கிட்டே வந்ததும் 'என்' என்று உரிமையோடு கூப்பிடக் கூடியவராகிவிடுகிறார்.

மனுஷகுமாரன் என்பது வேறு வகை. சுவிசேஷங்களில் அதை ஏறக்குறைய எப்போதும் இயேசு ஒருவரே, தம்மைக் குறித்தே சொல்கிறார். எசேக்கியேல் 90 தடவைக்கு மேல் அப்படி அழைக்கப்படுகிறார். அங்கே அது வெறும் மனிதன். தானியேல் 7-இல் மேகங்களோடு வந்து நித்திய கர்த்தத்துவம் பெறுகிறவர் மனுஷகுமாரனுக்கு ஒப்பானவர். இந்தத் தாழ்வையும் உயர்வையும் சேர்த்துச் சுமக்கும் நாமத்தை ஒரே மாலையில் முடித்துவிட எனக்கு மனம் வராது. இரண்டு பகுதிகளையும் முந்தின வாரமே வீட்டில் வாசித்துவரச் சொல்லிவிடுவேன்.