ஒறம்பரை வந்த வீடு

வீடு கூட்டும் பொருள் ஒன்றுதான். சென்னையில் அது தொடப்பம், கொங்கில் சீமாறு, நெல்லையில் வாரியல். பாடப்புத்தகத்தில் மட்டும் துடைப்பம்.

கொச்சை என்று ஒதுக்கப்பட்ட இந்த வட்டாரப் பேச்சுக்கு அகராதியே போட்டுக் காட்டினார் இடைசெவல் விவசாயி கி.ராஜநாராயணன். கரிசல் சொற்களைத் திரட்டிய அவருடைய வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. பிறகு கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகனும், விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டுச் சொற்களைக் கண்மணி குணசேகரனும் தொகுத்தார்கள். மூவருமே கதாசிரியர்கள். காதில் விழுந்த சொல்லை விட மனசு வராதவர்கள்.

அச்சில் ஏறிய சொல் பத்திரம். வாயில்?

கொங்கில் விருந்தாளிக்கு 'ஒறம்பரை' என்று பெயர். கோவை வீடுகளில் இப்போது பிள்ளைகள் 'கெஸ்ட்' வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அடுப்படியிலிருந்து அப்பத்தா குரல் மட்டும் மாறவில்லை: “ஒறம்பரைக்கு மொதல்ல தண்ணி கொண்டாந்து குடு கண்ணு!”