காற்றின் வழியும் கைத்தொழிலும்

மனைக்கு வாயில் முகமெனில், சாளரம் கண் எனலாம். காற்று வரும் வழி என்னும் பொருளில் நம் முன்னோர் அதனைக் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் பயிலும் அச்சொல் வழக்கொழிய, போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த 'சன்னல்' நம் நாவில் நிலைத்துவிட்டது. சாவியும் அலமாரியும் அவ்வாறு வந்தவையே. பெயர் எதுவாயினும் காற்றுக்கு வழிவிடுதலும், வேண்டாதபோது அதனைத் தடுத்தலும் அதன் கடமை. தடுப்பது சன்னற்கதவு.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் வீட்டில் ஆறு சன்னல்களின் கதவுகள் பெயர்ந்தன. மாடியறையில் உம்மா படுக்கும் கட்டிலின் மீதே ஒரு கதவு விழுந்தது. அவ்வேளை அவர் கீழே இருந்தமையால், இறையருளால் தீங்கின்றித் தப்பினார். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் மீது ஏறத்தாழ 47 கிலோ எடைக்கு ஒப்பான அழுத்தத்தைத் தரும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

புதுக் கதவுகளை நாமே வாங்கி மாட்டிவிடலாம், கூலி மிச்சம் என்றான் தம்பி. ஆசாரியை அழைப்பதே முறை என்றார் வாப்பா. இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. கீழ்த்தளத்து நான்கை நாங்களும், மாடியின் இரண்டை ஆசாரியும் பார்ப்பதென முடிவாயிற்று.

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடங்களில் அளந்து, சிறிய அளவையே கொண்டோம். மூலைக்கு மூலை குறுக்காக இருமுறை அளந்தோம். எதிரெதிர்ப் பக்கங்களும் அவ்விரு குறுக்களவுகளும் ஒத்திருந்தால்தான் நிலை கோணலின்றி இருக்கிறதென்று பொருள். மெல்லிய துளையிட்ட பின்னரே பித்தளைத் திருகாணியை முடுக்கினோம். துளையின்றி முடுக்கினால் மரம் வெடிக்கும். இரண்டு விடுமுறை நாள்களில் வேலை முடிந்தது.

மாடிக்கு வந்த ஆசாரி அறுபதைக் கடந்தவர். கதவைத் தொடாமல் நிலையைத் தட்டிப் பார்த்தார். "பாய், கதவை விடுங்க, முதல்ல நிலையைப் பாருங்க" என்றார். நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள் துருவேறி இற்றிருந்தன. அவற்றை மாற்றி, பூசி, ஈரம் உலரவிட்ட பிறகே கதவை மாட்டினார். மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும்; இறுகுகிறதே என்று அப்போது அளவின்றி இழைத்தால், கோடையில் சந்து விழும் என்று சொல்லி, இழைப்புளியை அளவோடு ஓட்டினார். நாங்கள் கேளாமலே கீழ்த்தளத்து நிலைகளையும் தட்டிப் பார்த்து, உறுதியாக உள்ளன என்றார். வாப்பா பேரம் பேசாது அன்றே கூலியைக் கொடுத்தார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தாம்பரத்தையும் முடிச்சூரையும் வெள்ளக்காடாக்கிய நாள்களில், உம்மா அதே மாடியறையில் அச்சமின்றி உறங்கினார்.

அதன் பின் எங்கள் வீட்டில் ஒரு வரையறை உண்டு. பிழைத்தால் அசௌகரியம் மட்டுமே நேரும் என்னும் வேலையை நாமே செய்யலாம். அதனால் கைக்குப் பழக்கமும் பொருளுக்கு மதிப்பும் உண்டாகும். பிழைத்தால் உயிருக்குத் தீங்கு நேரும் என்னும் வேலையை, அதை அறிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும். அவருக்கு நாம் தருவது இரண்டு மணி நேரக் கூலியன்று. நாற்பதாண்டுப் பட்டறிவின் விலை.

இன்று அலுமினியமும் நெகிழியும் மரத்தின் இடத்தைப் பிடித்து வருகின்றன. அந்த ஆசாரியின் மைந்தர் எவரும் உளி பிடிக்கவில்லை. நிலையைத் தட்டி, ஒலி கேட்டு, குறையறியும் செவியை எந்த ஏட்டிலும் எழுதி வைக்க இயலாது. மாணவச் செல்வங்களே, உங்கள் தெருவில் அத்தகையோர் ஒருவரேனும் இருப்பின், அவர் அருகிருந்து பாருங்கள், கேளுங்கள். அதுவும் கல்வியே.