மேலே ஏறாத தண்ணீர்

தாம்பரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஹீட்டர் கம்பியில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் படிவத்தைக் கத்தியால் சுரண்டாத வீடு சேலையூரில் உண்டா, சிட்லபாக்கத்தில் உண்டா? இந்தப் பக்கத்துப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையின் மேல் கிடக்கும் பலகையும் இதே வகைக் கல். பல்லாவரம் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். அந்தப் பாறையின் வெடிப்பிலிருந்து ஊறிவருவதைத்தான் நாம் போர் போட்டு இறைக்கிறோம். ஆகவே தொழிற்சாலையில் எது சூடாகாவிட்டாலும் எங்கள் ஆட்கள் முதலில் குற்றம் சொல்வது தண்ணீரைத்தான்.

2018இல் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஓர் உணவுத் தொழிற்சாலையில் நான் பராமரிப்பு இன்ஜினியர். சாஸ் காய்ச்ச மூன்று ஜாக்கெட் கெட்டில்கள் இருந்தன. இரட்டைச் சுவர் கொண்ட அண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவருக்கும் நடுவே பாய்லர் ஆவி வந்து நிற்கும். முதல் இரண்டுக்கும் கையால் திருகும் வால்வு. மூன்றாவதற்கு அந்த ஆண்டுதான் தானியங்கி வால்வு போட்டிருந்தார்கள்: சூடு ஏற ஏற அது தானே ஆவியைக் குறைத்துக்கொள்ளும். மூன்றாவதுதான் தகராறு. எண்பது டிகிரி வரை மற்ற இரண்டோடு போட்டி போட்டு ஏறும். அதற்கு மேல் திணறும். நடுநடுவே குழாய்க்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல டமார் டமார் என்று சத்தம் வேறு.

தண்ணீர்தான் காரணம் என்றார்கள். பாய்லர் குழாய்களில் சுண்ணாம்பு படிந்தால் சூடு தண்ணீருக்குள் போகாமல் புகைபோக்கி வழியே வெளியேறும். புகையின் வெப்பம் ஏறிவிடும். பார்த்தேன், ஏறவில்லை. உற்பத்தி மேனேஜர் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார். இரண்டு கிலோவை மூன்றாக்கினோம். ஆவியின் சூடு 133 டிகிரியிலிருந்து 143 ஆனது. முதல் இரண்டு கெட்டிலிலும் சாஸ் அடிப்பிடித்துக் கருகியது; மூன்றாவது அசையவில்லை. புது ஸ்டீம் டிராப் வாங்கிப் போட்டோம். ஆவியை உள்ளே நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற சின்னக் கருவி அது. பலனில்லை. கடைசியில், வரும் குழாயே சிறியது, பெரிதாகப் போட வேண்டும் என்று முடிவாகி, கொட்டேஷனும் வாங்கியாயிற்று.

பெருங்களத்தூரிலிருந்து சைக்கிளில் வரும் பிட்டர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. கெட்டில் திணறுகிற நேரமாகப் பார்த்து ஈரச் சாக்குத் துணியை எடுத்து ஜாக்கெட்டின் மேல்பக்கம் ஒத்தினார். சொய்ங் என்றது. கீழ்ப்பக்கம் ஒத்தினார். சத்தமே இல்லை.

"சார், பாதிப் பானைக்குத் தண்ணி நிக்குது."

"புது டிராப்தானேண்ணே போட்டிருக்கோம்?"

"டிராப் கதவைத் திறந்துதான் வெச்சிருக்கு. வெளிய போக வழி வேணும்ல?"

இட்லிப் பானையில் தண்ணீர் கூடிப்போய் அடித்தட்டு முங்கினால் என்ன ஆகும்? மேல்தட்டு இட்லி பஞ்சாக வெந்திருக்கும், கீழே மாவு கரைந்து கிடக்கும். இத்தனைக்கும் பானையில் கொதிப்பது ஒரே தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 100 கிலோ கலோரி போதும். அதை ஆவியாக்க மேற்கொண்டு 540 வேண்டும். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று உருப்போட்டது இதைத்தான். குளிர்ந்த சுவரைத் தொட்டதும் ஆவி அந்த 540ஐயும் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிவிடுகிறது. கொடுத்து முடித்தவன் நகர்ந்தால்தான் அடுத்த ஆவிக்குச் சுவர் கிடைக்கும். நகராமல் நின்றால், பாய்லரில் எத்தனை கட்டை போட்டு எரித்தாலும் வீண்.

ஏன் நகரவில்லை? தண்ணீர் வெளியேறும் குழாயோடு நடந்து பார்த்தோம். டிராப்பைத் தாண்டியதும் அது நேரே மேலே, கூரை ஓரமாகப் போகும் குழாய்க்கு ஏறியது. ஐந்து மீட்டர். அவ்வளவு உயரம் தண்ணீரைத் தள்ள அரை கிலோ அழுத்தம் வேண்டும். கை வால்வுக் கெட்டில்களில் எப்போதும் இரண்டு கிலோ இருந்ததால் தள்ளிவிட்டன. மூன்றாவதில், சாஸ் எண்பது டிகிரியை நெருங்கியதும் வால்வு புத்திசாலித்தனமாக ஆவியைக் குறைக்கிறது. ஜாக்கெட்டில் அழுத்தம் 0.2க்கு இறங்கிவிடுகிறது. தண்ணீர் பாதி வழியில் நிற்கிறது, பின்னால் வருவது ஜாக்கெட்டில் தேங்குகிறது. சாஸ் ஆறத் தொடங்கியதும் வால்வு பதறிப்போய் முழுதாகத் திறக்கிறது. பாய்ந்து வரும் ஆவி தேங்கிய தண்ணீரில் மோதுகிற சத்தம்தான் அந்த டமார்.

அந்தக் குழாயை எந்த முட்டாள் மேலே ஏற்றினான் என்று கேட்டுக்கொண்டே பழைய வரைபடத்தை எடுத்தேன். தேதி 2016 ஜனவரி. கையெழுத்து என்னுடையது.

2015 டிசம்பர் இரண்டாம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரில் படகு விட்டார்கள். எங்கள் தரைக் கால்வாயில் ஓடிய குழாய்கள் சேற்றில் முங்கி, சூடு போகாமலிருக்கச் சுற்றியிருந்த லேகிங் எல்லாம் ஊறிப் பஞ்சு பஞ்சாகப் போயிற்று. இனிமேல் தரையில் எதுவும் வேண்டாம், எல்லாம் கூரையோரம் போகட்டும் என்று அன்றைக்கு எழுதினேன். தப்பென்று இன்றும் சொல்ல மாட்டேன். கை வால்வு இருந்தவரை அது சரியான ஏற்பாடுதான். தானியங்கி வால்வு போட்டவர் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. குழாய் போட்ட நானும் அவருக்குச் சொல்லவில்லை.

கெட்டிலுக்குக் கீழே சின்னத் தொட்டி ஒன்று வைத்து, தண்ணீர் தானாக அதில் விழும்படி செய்தோம். அங்கிருந்து கூரைக்கு ஏற்றும் வேலையை ஒரு கண்டன்சேட் பம்ப் பார்த்துக்கொண்டது. டமார் சத்தம் அன்றோடு நின்றது. அழுத்தத்தைப் பழையபடி இரண்டு கிலோவுக்கு இறக்கினோம். பெரிய குழாய்க்கு வாங்கிய கொட்டேஷன், நான் வேலையை விட்ட நாள் வரைக்கும் கோப்பில் இருந்தது.